ஜெராக்ஸ் கடையில் பிடிஎஃப்: எதை அச்செடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது?

பென் டிரைவோடு ஜெராக்ஸ் கடைக்குப் போகிற எல்லோருக்கும் இரண்டு பேச்சுகள் பழக்கம். "என் சொந்த உபயோகத்துக்குத்தானே, எதை வேணும்னாலும் எடுக்கலாம்" என்பது ஒன்று. "காப்பிரைட்னு போட்டிருக்கே, ஒரு பக்கம்கூட எடுக்க மாட்டேன்" என்பது இன்னொன்று. முதலாவதைப் பெரும்பாலும் வாடிக்கையாளர் சொல்வார், இரண்டாவதைக் கடைக்காரர். சட்டப்படி பார்த்தால் இரண்டுமே தவறு.

இந்தக் குழப்பத்தால் வரும் நஷ்டம் சிறியதல்ல. காசு கொடுத்து மின்னூல் வாங்கிய மாணவி, அதில் ஓர் அத்தியாயத்தைத் தாளில் படிக்க ஆசைப்பட்டுக் கடைக்குப் போய், வெறுங்கையோடு திரும்புகிறார். அதே தெருவில் வேறொரு கடையில், உயிரோடு இருக்கும் ஓர் ஆசிரியரின் முழுப் புத்தகம் ஸ்பைரல் பைண்டிங் போட்டு அடுக்கி விற்கப்படுகிறது. அனுமதி உள்ள காரியம் நின்றுபோகிறது, அனுமதி இல்லாதது கூசாமல் நடக்கிறது. எது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள வக்கீல் படிப்பு தேவையில்லை. நான்கைந்து விஷயங்கள் புரிந்தால் போதும்.

இங்கே பேசப்போவது இந்தியச் சட்டம் மட்டும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கு அவரவர் நாட்டுச் சட்டம் தனி.

தாள் உங்களுடையது, எழுத்து அவருடையது

சென்னை திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையில் பழைய புத்தகம் விற்கிறவர் எந்த எழுத்தாளரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அந்தப் பிரதி ஒருமுறை முறையாக விற்பனை ஆகிவிட்டது. அதை வாங்கியவர் படிக்கலாம், விற்கலாம், தானம் கொடுக்கலாம். ஆனால் அதே புத்தகத்தை இயந்திரத்தில் வைத்துப் பத்துப் பிரதி எடுத்து விற்றால் கதை மாறிவிடுகிறது, ஏனென்றால் இப்போது புதிய பிரதிகள் பிறந்திருக்கின்றன.

பதிப்புரிமை என்பது இந்தப் புதிய பிரதி பிறப்பதைப் பற்றிய உரிமை. ஒரு படைப்பைப் பிரதி எடுக்கவும், வெளியிடவும், மொழிபெயர்க்கவும் பிறரை அனுமதிக்கவோ தடுக்கவோ படைப்பாளிக்கு உள்ள உரிமை அது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 14-ஆவது பிரிவில் இந்த உரிமைகளைப் பட்டியலிடுகிறது. எழுதியவுடனே இந்த உரிமை வந்துவிடும். பதிவு செய்ய வேண்டியதில்லை, வட்டத்துக்குள் 'சி' போட வேண்டியதும் இல்லை. ஆகவே "இந்த பிடிஎஃப்பில் காப்பிரைட் குறியே இல்லை" என்பது அனுமதி ஆகாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மின்வடிவில் சேமித்து வைப்பதையும் சட்டம் பிரதி எடுப்பதாகவே பார்க்கிறது. டெலிகிராமில் வந்த கோப்பு உங்கள் செல்போனில் இறங்கியதுமே ஒரு பிரதி பிறந்துவிட்டது. அதைத் தாளில் அச்சடித்தால் அது இன்னொரு பிரதி. கோப்பு கையில் இருப்பதாலேயே பிரதி எடுக்கும் உரிமையும் கைக்கு வந்துவிடுவதில்லை.

சட்டமே திறந்து வைத்திருக்கும் கதவு

இவ்வளவோடு நின்றிருந்தால், ஒரு பக்கத்தைக்கூட யாரும் நகல் எடுக்க முடியாது. படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம் எல்லாம் முடங்கிவிடும். அதனால்தான் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, எந்தெந்தச் செயல்கள் உரிமை மீறல் ஆகாது என்று நீளமாகச் சொல்கிறது. அதன் முதல் உட்பிரிவே நம் விஷயம்: தனிப்பட்ட பயன்பாட்டுக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் ஒரு படைப்பை 'நியாயமாகக் கையாள்வது' மீறல் அல்ல. வக்கீல்கள் இதை ஃபேர் டீலிங் என்பார்கள். கணினி மென்பொருளுக்கு மட்டும் இந்த உட்பிரிவு பொருந்தாது. இதே காரணங்களுக்காக ஒரு படைப்பை மின்வடிவில் சேமித்து வைப்பதும் மீறல் ஆகாது என்று அந்த உட்பிரிவின் விளக்கம் சொல்கிறது.

இந்த வாசகத்தில் இரண்டு சொற்கள் சேர்ந்து நிற்கின்றன: 'தனிப்பட்ட', 'நியாயமாக'. "சொந்த உபயோகம்தானே" என்கிறவர் முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறார். சொந்தத் தேவைக்கு என்பது முதல் படி. அந்தத் தேவைக்கு நீங்கள் எடுத்த அளவும் எடுத்த விதமும் நியாயமா என்பது அடுத்த படி. இரண்டிலும் கால் வைத்தால்தான் கதவு திறக்கும்.

"இந்நூலின் எப்பகுதியையும் எவ்வகையிலும் நகல் எடுக்கக் கூடாது" என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். பதிப்பாளர் அச்சிடும் ஒரு வரி, நாடாளுமன்றம் கொடுத்த விலக்கை அழித்துவிடாது. ஆனால் மின்னூல் வாங்கும்போது நாம் படிக்காமலே 'சம்மதம்' என்று தட்டுகிற நிபந்தனைகள் வேறு வகை. அவை உங்களுக்கும் விற்றவருக்கும் இடையிலான ஒப்பந்தம். அச்செடுப்பது பற்றி அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இதுவரை சொன்னதன் சாரம்: பிரதி எடுக்கும் உரிமை படைப்பாளியிடம் இருக்கிறது. தனிப்பட்ட படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது.

அந்த 'நியாயம்' எவ்வளவு பக்கம்?

"பத்து சதவீதம் வரை எடுக்கலாம்" என்று கல்லூரி வட்டாரத்தில் ஒரு கணக்கு உலாவுகிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இந்த உட்பிரிவில் அப்படி எந்தச் சதவீதமும் கிடையாது. பக்கக் கணக்கும் கிடையாது. ஒவ்வொரு சூழலையும் தனித்தனியாக எடை போட வேண்டும் என்றுதான் சட்டம் விட்டிருக்கிறது.

எடை போடும் விதத்தைக் கேரள உயர் நீதிமன்றம் 1996-இல், ஒரு நாடகத்துக்கு மறுப்பாக எழுதப்பட்ட இன்னொரு நாடகம் பற்றிய வழக்கில், மூன்று கேள்விகளாகச் சொன்னது. எடுத்தது எவ்வளவு, அதன் மதிப்பு என்ன? எதற்காக எடுக்கப்பட்டது? மூலப் படைப்போடு அது சந்தையில் போட்டி போடுமா? விமர்சனத்துக்காகச் சொல்லப்பட்டதுதான் என்றாலும், ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறவருக்கும் இவை நல்ல வழிகாட்டி.

நாம் சொன்ன மாணவியையே எடுத்துக்கொள்வோம். 400 பக்க நூலில் தன் ஆய்வுக்கு வேண்டிய 30 பக்கத்தை ஒரே ஒரு பிரதி எடுக்கிறார். அளவு குறைவு, நோக்கம் படிப்பு, ஆசிரியரின் விற்பனைக்குப் பாதிப்பில்லை. இதை மறுக்கிற கடைக்காரர் வீணாகப் பயப்படுகிறார்.

மறு முனையில், கடையில் 350 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு போட்டித் தேர்வு நூலின் திருட்டு பிடிஎஃப் முழுவதையும் 150 ரூபாய்க்கு அச்செடுத்து பைண்டிங் போடுகிறார் ஒருவர். தான் மட்டுமே படிக்கப் போகிறார் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பிரதி, அவர் வாங்கியிருக்க வேண்டிய புத்தகத்தின் இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. சதவீதத்தைத் தேடுவதைவிட, இந்த அச்சுப் பிரதி ஒரு விற்பனையைத் தின்றுவிட்டதா என்று பார்ப்பது பல சிக்கல்களைத் தெளிவாக்கிவிடும்.

நடுவில் கிடப்பவைதான் சங்கடமானவை. காசு கொடுத்து வாங்கிய மின்னூலை, கண் வலிக்கிறது என்று முழுவதுமாக அச்செடுக்கலாமா? 'முழு நூல்' என்பதைப் பற்றிச் சட்ட வாசகம் தனியாக எதுவும் சொல்லவில்லை. ஆசிரியருக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது, ஒரு பிரதிதான், வீட்டைத் தாண்டாது என்னும்போது அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விற்றவரின் நிபந்தனையில் தடை இருந்தால் அது தனிச் சிக்கல். இருபது வருடமாக மறுபதிப்பு காணாத, எங்கு தேடியும் கிடைக்காத நூல்? அச்சில் இல்லை என்பதால் பதிப்புரிமை போய்விடாது. ஆனாலும் ஆராய்ச்சிக்காக ஒரு பிரதி எடுக்கும்போது விற்பனைப் பாதிப்பு என்ற வாதம் மெலிந்துவிடுகிறது.

தமிழில் எழுதுகிறவர்களை நினைத்து ஒரு வார்த்தை. பல தமிழ் நூல்கள் இன்று சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. அந்த அளவில் ஐம்பது பைண்டிங் பிரதிகள் தெருவில் ஓடினால், அடுத்த பதிப்பே வராமல் போகலாம். ஆங்கிலப் பாடநூல் நிறுவனத்தின் கணக்கை வைத்து, "அவங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது" என்று தமிழ் எழுத்தாளரைப் பார்த்துக் கேட்பது அநீதி.

கடைக்காரர் இயந்திரத்தை இயக்குபவரா, சரக்கு விற்பவரா?

எண்பது, தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் நினைவிருக்கும். பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால், கடையில் இருக்கும் இசைத்தட்டுகளிலிருந்து காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். அங்கே விற்கப்பட்டது பதிவு செய்யும் உழைப்பு மட்டும் அல்ல, பாட்டும் சேர்ந்துதான். சரக்கு கடைக்காரருடையது. ஜெராக்ஸ் கடையின் இயல்பான வேலை அப்படியல்ல. கோப்பு உங்களுடையது, தேவை உங்களுடையது. தாளும் மையும் இயந்திரமும்தான் கடைக்காரருடையவை. பக்கத்துக்கு இத்தனை என்று அவர் வாங்குவது அதற்கான கூலி.

இந்த எல்லையைத் தாண்டும் கணம் மிகச் சாதாரணமாக வந்துவிடுகிறது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு கடைக் கணினியில் தங்கிவிடுகிறது. மறுநாள் இன்னொரு மாணவர் வந்து, "அண்ணா, அந்த புக் உங்ககிட்ட இருக்கா?" என்கிறார். "இருக்கு தம்பி, எத்தனை காப்பி?" என்று கேட்ட நொடியில் அந்தக் கடை ரெக்கார்டிங் சென்டராக மாறிவிடுகிறது. விலையை இப்போதும் பக்கக் கணக்கில்தான் வாங்குகிறார். ஆனால் விற்கப்படுவது புத்தகம். பிறர் தனக்காக எடுத்துக்கொள்ளும் நகல் என்ற விலக்குக்குள் இந்த வியாபாரம் ஒளிய முடியாது. கோப்பை ஏற்றினால் பைண்டிங் போட்டு வீட்டுக்கு அனுப்பும் ஆன்லைன் அச்சகங்களுக்கும் இதே அளவுகோல்தான்.

தண்டனையைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே பதிப்புரிமையை மீறினாலோ மீறத் துணைபோனாலோ, 63-ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறலாக இருந்தால், தகுந்த காரணங்களைப் பதிவு செய்து இந்தக் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. இது போலீஸார் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லிவிட்டது. கடைக்காரர்களின் பயம் முழுக்கக் கற்பனை இல்லை. ஆனால் அந்தப் பயம் சேர வேண்டிய இடம் அடுக்கி வைத்த பைண்டிங் பிரதிகள். மாணவி நீட்டிய அந்த 30 பக்கம் அல்ல.

சுருக்கமாகச் சொன்னால்: பிறர் கொண்டுவந்ததை அவர் தேவைக்கு அச்சிட்டுத் தருவது சேவை. தானே கோப்பு வைத்துக்கொண்டு கேட்டவர்க்கெல்லாம் அடித்துத் தருவது பதிப்பாளர் வேலை, அதற்கு உரிமம் வேண்டும்.

டெல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடை வழக்கு

இந்தக் கேள்விகளை எல்லாம் இந்தியாவில் நேரடியாக உரசிப் பார்த்தது ஒரே ஒரு பெரிய வழக்கு. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

டெல்லி பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில், பல்கலைக்கழக அனுமதியோடு நடந்துவந்தது ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ். ஆசிரியர்கள் பாடத்திட்டத்துக்கு ஏற்ப வெவ்வேறு நூல்களிலிருந்து பக்கங்களைக் குறித்துக் கொடுப்பார்கள். கடை அவற்றை நகல் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, மாணவர்களுக்குத் தரும். கோர்ஸ் பேக் என்று பெயர். 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. தீர்ப்பு வரும்வரை கோர்ஸ் பேக் விற்பதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. மாணவர்கள் சங்கமாகத் திரண்டு தாங்களும் வழக்கில் சேர்ந்துகொண்டார்கள்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் என்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவர் சார்ந்து நின்றது தனிப்பட்ட பயன்பாட்டு விலக்கை அல்ல. அதே 52-ஆவது பிரிவில், கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எடுக்கும் நகல் மீறல் ஆகாது என்று இன்னொரு உட்பிரிவு இருக்கிறது, அதைத்தான். கற்பித்தல் என்பது வகுப்பறைக்குள் நடக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் அல்ல, பாடத்திட்டம் தயாராவதிலிருந்து தொடங்கும் முழு ஓட்டம் என்று அவர் விளக்கினார். மாணவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டால் குற்றமில்லாத ஒன்று, இயந்திரம் அதை எளிதாக்கியதால் மட்டும் குற்றமாகிவிடாது என்றார். பதிப்புரிமை என்பது இயற்கையாகவோ தெய்விகமாகவோ வந்த முற்றுரிமை அல்ல, அறிவு வளர்ந்து மக்களைச் சேர்வதற்காக ஏற்பட்டது என்ற அவருடைய கருத்து பரவலாகப் பேசப்பட்டது.

பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன. 2016 டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்கான நகல் என்ற அடிப்படையை ஏற்றது. அந்த விலக்குக்குப் பக்க வரம்பு கிடையாது, நோக்கத்துக்குத் தேவையான அளவா என்பதுதான் கேள்வி என்றது. கடை என்ற இடையாள் வழியாக நகல் எடுத்ததாலேயே அது மீறல் ஆகிவிடாது என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆனால் ஊர்ப் பேச்சில் விட்டுப்போகிற பகுதி ஒன்று உண்டு. சேர்த்த பக்கங்கள் உண்மையிலேயே பாடத்துக்குத் தேவையானவைதானா, முழு நூல்களை நகல் எடுத்தது சரியா என்ற இரண்டையும் சாட்சியம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று வழக்கை விசாரணைக்குத் திருப்பியது அந்த அமர்வு. அந்த விசாரணை முடியவே இல்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. நகல் உரிமங்களை நிர்வகிக்கும் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மே மாதம் அந்த மனுவும் தள்ளுபடி ஆனது.

"டெல்லி கேஸில் ஜெராக்ஸ் எடுக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்பது இதனால் பாதி உண்மை. பல்கலைக்கழகக் கற்பித்தலுக்காக, தேவையான பகுதிகளை, அனுமதி பெற்ற கடை வழியாக எடுக்கலாம் என்பது வரை தீர்ப்பு இருக்கிறது. முழு நூலைப் பற்றிய கேள்வி விடை இல்லாமலே நிற்கிறது. தனியார் பயிற்சி மையம் பிறர் நூலை வெட்டி ஒட்டித் தன் மெட்டீரியல் என்று விற்பதற்கு இந்தத் தீர்ப்பைக் கேடயமாகத் தூக்குவது கொஞ்சமும் பொருந்தாது.

பூட்டுப் போட்ட கோப்புகள்

சில மின்னூல்களில் அச்சிடும் பொத்தானே வேலை செய்யாது. சிலவற்றில் இத்தனை பக்கம்தான் என்று வரம்பு இருக்கும். நகல் எடுப்பதைத் தடுக்கக் கோப்போடு சேர்த்தே வைக்கப்படும் இந்த ஏற்பாட்டைத் தொழில்நுட்பப் பூட்டு என்று வைத்துக்கொள்வோம். 2012-இல் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு இந்தப் பூட்டை உடைப்பதைக் குற்றம் என்கிறது: 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்வதை அதே பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் அந்த நுணுக்கத்தை நிரூபிக்கும் சுமையை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. பூட்டை எடுத்துத் தரச் சொல்லிக் கடையில் கேட்காதீர்கள்.

தயங்காமல் அச்செடுக்கக் கூடியவை

ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் ஆனால் பதிப்புரிமை காலாவதி ஆகிவிடும். கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். ஆகவே அவர் எழுத்தின் உரிமைக்காலம் 2014-ஓடு முடிந்தது. தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. ஆசிரியரின் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து அரசே உரிமையைப் பெற்று எல்லோருக்கும் திறந்துவிடுவது நாட்டுடைமை. 1949-இல் பாரதியின் படைப்புகளின் உரிமையை அரசு பெற்றதில் தொடங்கிய மரபு இது. அப்படிப்பட்ட ஏராளமான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கின்றன. 1998 முதல் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கிவரும் மதுரைத் திட்டமும் இருக்கிறது. ஒரு கவனம் வேண்டும்: மூலம் பொதுச்சொத்தாக இருந்தாலும், புதிய பதிப்பில் ஒருவர் எழுதிச் சேர்த்த உரை, முன்னுரை, ஓவியம் ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு.

அரசிதழில் வந்தவை, நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றை நகல் எடுக்கவும் பொதுவாகத் தடையில்லை என்று 52-ஆவது பிரிவே சொல்கிறது. என்சிஇஆர்டி பாடநூல்கள் இலவசமாக இறங்கும் என்றாலும், மறுவெளியீடு கூடாது என்ற வாசகம் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே ஓடும். படிக்க அச்செடுத்துக்கொள்வது வேறு, கட்டுக்கட்டாக அடித்து விற்பது வேறு. பிறர் பயன்படுத்த ஆசிரியரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த நூல்கள் என்றால், என்னென்ன செய்யலாம் என்பதை ஆசிரியரே முதல் பக்கத்தில் எழுதியிருப்பார்.

கடையில் நடந்துகொள்ளும் விதம்

வாங்கிய மின்னூல் என்றால் ரசீது செல்போனில் இருக்கட்டும். வேண்டிய பக்க எண்களை முன்பே குறித்துக்கொண்டு போனால் முழுக் கோப்பையும் கடையில் கொடுக்க வேண்டியதில்லை, அந்தப் பக்கங்களை மட்டும் தனி பிடிஎஃப்பாக்கிக் கொண்டுபோகலாம். அச்சு முடிந்ததும் கடைக் கணினியிலிருந்து கோப்பை அழிக்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் வெப்பில் நுழைந்திருந்தால் வெளியேறிவிடுங்கள். பல மின்னூல்களில் வாங்கியவர் பெயரும் மின்னஞ்சலும் ஒவ்வொரு பக்கத்திலும் பதிந்திருக்கும். அந்தக் கோப்பு ஊர் சுற்றினால் முதலில் வெளிவருவது உங்கள் பெயர்தான்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்தின் அடியில் பதிப்பக முத்திரையைப் பார்த்ததும் மறுக்க வேண்டாம். எத்தனை பிரதி, முழு நூலா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு பிரதி, சில பக்கம் என்றால் தைரியமாக அச்சிட்டுக் கொடுங்கள். முப்பது பிரதி, முழு நூல் என்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் கேளுங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் ஒரு நூலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரச் சொல்லி வந்தால், இந்தத் தயக்கம் எதுவும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் ஒரு படைப்பை மாற்றி நகல் எடுக்க, 2012 திருத்தம் தனி விலக்கே கொடுத்திருக்கிறது. அதற்கு லாபம் வைக்கக் கூடாது, ஆன செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.